சேதியோடு தவழ்ந்து வந்த அப்பா

உறவினர்களுக்கும், அப்பாவின் நண்பர்களுக்கும், நீலசந்திராவில் எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

அப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "அக்கா எழுதட்டும், அவளுக்குத்தான் வாய் நீளம்" என்று தம்பி சொல்லிவிட்டான். நகரப் பேருந்தில் கண்டக்டராக இருப்பவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் வண்டி நகருமா? தமிழிலும் கன்னடத்திலும் "உள்ளே போங்க" என்று நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை இது. எழுதிப் பழக்கமில்லை. பேசுகிற மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நினைவு மலர் என்றாலே சிரிப்பு வரும். யார் வீட்டு மலர் வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பார். "கொடை வள்ளலாமே இவன். என்கிட்ட வாங்கிக்கினு போன குடையையே இன்னும் திருப்பித் தரலை" என்பார். அப்படிப்பட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டி எழுதினாலும் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே நடந்தது எதுவோ அதை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது இதே நீலசந்திராவில். அவருடைய தகப்பனார் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, பழைய ராணுவப் பகுதியான கண்டோன்மெண்டில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். வீடு ஒற்றை அறை. மழைக்காலத்தில் ஒழுகுகிற இடத்திலெல்லாம் பாத்திரங்களை வைத்துவிட்டு, பாத்திரம் இல்லாத இடத்தில் மனிதர்கள் படுத்துக்கொள்வார்களாம். அப்பா எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் கால்பந்தில் கெட்டிக்காரர். மைதானத்தின் வலது ஓரத்தில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. "எத்தனை கோல் போட்டீங்கப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கோல் போடறது வேற ஆளும்மா. நான் கொண்டு போய்ச் சேக்கறவன்" என்றார்.

பரேடு மைதானத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, விளையாடிக்கொண்டிருந்த சட்டையோடு போய் வரிசையில் நின்றவர் அப்பா. ஓட்டத்தில் முதலாவதாக வந்தாராம். அவருக்குப் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர் லிங்கராஜபுரத்து அருளப்பன். அருளப்பன் சித்தப்பாவைக் கேட்டால், முதலில் வந்தது தான்தான், பின்னால் வந்தது அப்பா என்பார். இது அந்த இரண்டு பேருக்கும் இடையில் கடைசி வரை தீராத வழக்கு. உறவுமுறைக்குச் சித்தப்பா இல்லை, மதமும் வேறு. ஆனால் எனக்கும் தம்பிக்கும் காது குத்தியபோது மடியில் உட்காரவைத்துக்கொண்டவர் அவர். எங்கள் வீட்டில் அவரை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

இருவரும் காலாட்படையில் ஒரே கம்பெனியில் சேர்ந்தார்கள். நன்றாக ஓடுகிறவர்கள் என்பதால் இருவரையும் ரன்னர் ஆக்கினார்கள். ரன்னர் என்றால் என்ன என்று தெரியாமல் இந்தக் கதை புரியாது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். போர்க்களத்தில் வயர்லெஸ் பெட்டி உடைந்து போனால் சேதியை ஆள்தான் ஓடிக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். தாளில் எழுதித் தர மாட்டார்கள், எதிரி கையில் சிக்கினால் படித்துவிடுவான். வாயால்தான் சொல்வார்கள். கேட்டுக்கொண்ட ரன்னர் அதை ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்ன பிறகே ஓட விடுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்திலும் அதே கதைதான். சேதியைக் கேட்ட அதிகாரி திருப்பிச் சொன்னால்தான் ரன்னருடைய வேலை முடிந்தது. ரொம்ப முக்கியமான சேதி என்றால் இரண்டு ரன்னர்களை இரண்டு வழியாக அனுப்புவார்கள். ஒருவன் விழுந்தாலும் மற்றவன் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

வங்கதேசப் போர் வந்தபோது அப்பாவுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கிழக்கே ஏதோ ஒரு கிராமம். ஊருக்கு முன்னால் உயரமான மண் கரை, அந்தக் கரையில் எதிரி பதுங்குகுழிகள், கரைக்கு இந்தப் பக்கம் அறுவடை முடிந்த வெட்டவெளி வயல். அப்பாவின் கம்பெனியில் ஒரு பிரிவு விடிவதற்கு முன்பே வயலைக் கடந்து கரையின் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் பிடிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பின்னால் இருந்த தலைமைக்கு அது தெரியாது. திட்டப்படி இன்னும் கொஞ்ச நேரத்தில் நம்முடைய பீரங்கிகளே அந்தக் கரைமேல் குண்டு பொழியப் போகின்றன. வயர்லெஸ் பெட்டியில் தோட்டா பாய்ந்து அது ஊமையாகிவிட்டது. கரையில் படுத்திருந்த அத்தனை பேருடைய உயிரும், யாராவது ஓடிப்போய்ச் சொல்வதில்தான் இருந்தது.

"கரையை நம்ம ஆளுங்க பிடிச்சிட்டாங்க, கரைமேல பீரங்கி போடக்கூடாது." இதுதான் சேதி. அந்தப் பிரிவோடு கரையில் இருந்த அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கு ஒரு முறை திருப்பிச் சொன்னார்கள். அப்பா வலது பக்கமாகவும் சித்தப்பா இடது பக்கமாகவும் வயலில் இறங்கி ஓடினார்கள். அதற்குள் விடிந்துவிட்டது. கரையின் மறு கோடியில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. மறைய ஒரு மரம்கூட இல்லை.

"பயமா இல்லையாப்பா?" என்று தம்பி கேட்பான். அப்பா மழுப்பவே மாட்டார். "பயம் இல்லாமயா? கால் ரெண்டும் ஓடுது, வயிறு மட்டும் கரையிலயே நின்னுடுச்சி" என்பார்.

பாதி வயலில் அப்பாவின் இடது முழங்காலில் குண்டு பாய்ந்தது. அசையாமல் படுத்திருந்தால் செத்தவன் என்று விட்டிருப்பார்கள். அசைந்தால் சுடுவார்கள். அப்பா அசைந்தார். முழங்கைகளை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு, வெட்டிய நெல் தாள்கள் நெஞ்சைக் கிழிக்க மீதி வயலையும் தவழ்ந்தார். அவர் கையில் கடிகாரம் இல்லை. நாலா பக்கமும் வெடிச்சத்தம், எது யாருடைய குண்டு என்றும் தெரியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நம்முடையது தொடங்கிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே வந்தாராம். சேதி மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டும் வந்திருக்கிறார்.

பாதி இடிந்த நெல் கிடங்கு ஒன்றில்தான் தலைமை இருந்தது. அப்பா வாசலைத் தவழ்ந்து கடந்து உள்ளே வந்தபோது சித்தப்பா வெகுநேரத்துக்கு முன்பே வந்து சேதியைச் சொல்லிவிட்டிருந்தார். பீரங்கிகளை நிறுத்தியாகிவிட்டது. கரையில் இருந்தவர்கள் பிழைத்துவிட்டார்கள். சித்தப்பா மூலையில் உட்கார்ந்து தகரக் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அப்பா சேதியைச் சொன்னார். சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து நின்று, அங்கே தலைமையில் இருந்த மேஜரைப் பார்த்து, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை சொன்னார். "அருளு சொல்லிட்டான்னு தெரியும். இருந்தாலும் என் வாயில இருக்கற சேதியை நான் சொல்லி ஆகணுமே" என்பார் எங்களிடம். சொன்னதோடு விட்டாரா? மேஜர் பேசாமல் நின்றதைப் பார்த்து, "சாப், திருப்பிச் சொல்லுங்க" என்றாராம். ஒரு சிப்பாய் மேஜருக்கு உத்தரவு போடுகிறார். கிடங்கில் இருந்தவர்கள் எல்லாரும் மேஜரைப் பார்த்தார்கள். அவர் விறைப்பாக நின்று, அன்று முதல் தடவையாக அதைக் கேட்பவர் போல, ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். அதற்கு அப்புறம்தான் அப்பா மயங்கி விழுந்தார். அந்த மேஜர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

வீரப் பதக்கம் சித்தப்பாவுக்குக் கிடைத்தது. அப்பாவுக்கு மடங்காத முழங்கால் கிடைத்தது. மருத்துவக் காரணம் சொல்லி ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அப்பா நீலசந்திராவுக்கே திரும்பி வந்தார். ஓசூர் சாலையில் ஒரு தொழிற்சாலை வாயிலில் காவலராகச் சேர்ந்து ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. நொண்டிக்கொண்டு போனாலும் மற்றவர்களுக்கு முன்னால் போய் நிற்பார்.

அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது, "கால் மடங்காது, கீழே உக்காந்து சாப்பிட முடியாது, யோசிச்சிச் சொல்லுங்க" என்று தானே முதலில் சொல்லியிருக்கிறார். "அதனால என்ன, மேசை வாங்கிக்கலாம்" என்றாராம் அம்மா. எங்கள் தெருவில் முதல் சாப்பாட்டு மேசை எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் என்று தெருவே பேசிக்கொண்டது.

அந்த ரன்னர் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. கடைக்கு அனுப்பினால், "ரெண்டு கட்டு கொத்தமல்லி, கால் கிலோ தக்காளி" என்று நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பால்காரர் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டர்கூட, எந்த மாத்திரை எப்போது என்று திருப்பிச் சொல்ல வேண்டும். என் கல்யாணத்தில் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணை வேலையை விடச் சொல்லமாட்டேன்" என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் மேடையேற விட்டார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

"இந்த மனுசனுக்கு வாழ்க்கைப்பட்டு நான் எல்லாத்தையும் ரெண்டு தடவை பேசினேன்" என்பது அம்மாவின் புலம்பல். அப்பா ஒரு தடவைகூடத் தன்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை என்பதையும் அம்மாவேதான் சொல்வார்.

போரில் அந்தச் சண்டை நடந்த நாள் டிசம்பரில் வரும். ஒரு வருடம் எங்கள் வீட்டில், மறு வருடம் லிங்கராஜபுரத்தில் என்று மாற்றி மாற்றி இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவோம். பிரியாணி, வெங்காயப் பச்சடி, கடைசியில் சித்தி செய்கிற கேரட் அல்வா. சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பார். அதற்குள் அந்தப் பதக்கம் இருக்கும். மேசைமேல் வைத்து அப்பா பக்கம் தள்ளுவார்.

"பாதி உன்னுது. துப்பாக்கி உன் பக்கம் திரும்பினதாலதான் நான் போய்ச் சேந்தேன்."

"நக்கோ, நக்கோ" என்று அப்பா திருப்பித் தள்ளுவார். எங்கள் பக்கத்துத் தெரு பாய்மார்களிடம் கற்றுக்கொண்ட வார்த்தை அது. வேண்டாம் என்பதை அதைவிட உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. "சேதி போய்ச் சேந்துது. ஆளுங்க பிழைச்சாங்க. யார் கொண்டு போனா என்னடா?"

"ரெண்டு பேரும் நிறுத்தறீங்களா? அருவாமணை இருக்குது, ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்துடறேன்" என்பார் அம்மா. எல்லாரும் சிரிப்போம். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போவார். அவர் அதைச் சட்டையில் குத்தி நான் பார்த்ததே இல்லை. எங்கள் பகுதி விழாக்களில் பதக்கம் வாங்கிய வீரர் என்று சால்வை போட மேடைக்கு அழைத்தால், அப்பா கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுவார். சால்வையை அப்பா தோளில் போட்டுவிட்டு இறங்குவார். ஒருவன் நண்பனிடம் காட்டுகிற அன்பு என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அது அன்பு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிய வந்தது ஒரு நாள் பேருந்தில். என் வண்டி லிங்கராஜபுரம் போகிற வண்டி. மதிய நேரம், கூட்டம் இல்லை. சித்தப்பா ஏறி என் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று சொன்னார்: "உங்கப்பா உனக்குக் கதை சொல்லும்போது ஒண்ணை விட்டுடறான்மா. உள்ள வந்தான் இல்ல, மேஜரைப் பாக்கறதுக்கு முன்னாடி என்னைத்தான் பாத்தான். கையில டீயோட உக்காந்திருந்தேன். என்னைப் பாத்துட்டு அழுதான். கால் வலிக்கு அழலை. என் மூஞ்சியைப் பாத்து அழுதான்."

டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்து, நான் முந்திக்கினேன்னு தெரிஞ்சப்ப மனசு உடைஞ்சிடுச்சிபோல. அந்த மூஞ்சி கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது. அதுக்கப்புறம் அந்த மெடலை எப்படிம்மா குத்திப்பேன்?"

"நேரா கேட்டுடுங்களேன் சித்தப்பா. அவரு ஒளிக்கிற ஆளா?" என்றேன்.

"ஆமான்னு சொல்லிட்டான்னா?" என்றார். அப்புறம், நான் அப்பாவிடம் கேட்கக் கூடாது, இது அவர்கள் இரண்டு பேர் விஷயம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு இறங்கினார். அப்பாவின் பெண் அல்லவா நான், கேட்க மாட்டேன் என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் இறங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தக் கைக்குட்டை மேசைக்கு வரும்போது நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பேன். அப்பா நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு "நக்கோ" என்பார். சித்தப்பாவின் கண் மட்டும் அப்பா முகத்தில் எதையோ தேடும்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்த்தோம். வயதுக்கு ஏற்ற முடிவுதான், பெரிதாகக் கஷ்டப்படவில்லை. பேரப்பிள்ளைகள் வந்தார்கள், பக்கத்துக் கட்டில்காரரோடு கால்பந்து பேசினார், செவிலியர்களிடம் மாத்திரைக் கணக்கைத் திருப்பிச் சொல்லச் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தார். நிறைவாக வாழ்ந்த மனிதர் நிறைவாகவே விடைபெற்றார் என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள். ராத்திரி என்றும் பாராமல் ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நன்றி. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து முகம் கழுவிவிட்ட செவிலியர்களுக்கு நன்றி. காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு அனுப்பிய பாய் வீட்டாருக்கு நன்றி. அப்பாவோடு வேலை பார்த்து, பொம்மனஹள்ளியிலிருந்து பேருந்து பிடித்து வந்த முதியவர்களுக்கு நன்றி. நான் வர முடியாத நாளெல்லாம் அம்மாவுக்குத் துணையாக இருந்த தம்பி மனைவிக்கு, எல்லார் முன்னாலும் சொல்கிறேன், என் நன்றி.

கடைசி நன்றி அருளப்பன் சித்தப்பாவுக்கு. அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அப்பா போவதற்குச் சில நாட்கள் முன்பு, பார்வையாளர் நேரத்தில், சித்தப்பா தடியை ஊன்றிக்கொண்டு வார்டுக்கு வந்தார். அம்மாவும் நானும் இருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்து, தடியின் மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னடா, பிரேயர் பண்றியா?" என்றார் அப்பா.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னைக்கு உள்ள வந்து என்னைப் பாத்தே. பாத்துட்டு அழுதியேடா, ஏன்?"

அப்பா அவரையே பார்த்தார். "இதைக் கேக்கறதுக்கா இவ்ளோ வருஷம்?"

"வாய் வரலைடா. நான் முந்திக்கினேன்னுதான் அழுதியோன்னு."

"உனக்கு என்ன பைத்தியமா?" அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நான் பேச வேண்டாம் என்றேன், கையால் என்னைத் தள்ளினார். "வரப்புகிட்ட நீ விழுந்ததைப் பாத்தேன்டா. விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அருளு போயிட்டான்னு நெனச்சேன். இனிமே சேதி என் ஒருத்தன் கையிலதான்னு நெனச்சேன். இல்லாட்டி அந்தக் காலை வெச்சிக்கினு எவன்டா அவ்ளோ தூரம் தவழுவான்? வழி பூரா, உங்கம்மாகிட்ட போய் என்னன்னு சொல்லுவேன்னுதான் நெனப்பு. உள்ள வந்தா, துரை உக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்கறாரு."

"வழுக்கி விழுந்தேன்டா" என்றார் சித்தப்பா. "அப்படியே வாய்க்கால்ல குனிஞ்சிக்கினு ஓடிட்டேன்."

"அது எனக்கு எப்படிடா தெரியும்? உயிரோட இருக்கறியேன்னு அழுதேன். அழாம வேற என்ன பண்ணுவாங்க?"

சித்தப்பா கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதார். அப்பா அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஓட்டத்துல மட்டும் நான்தான்டா முதல்ல வந்தேன்" என்றார்.

அன்றைக்குச் சித்தப்பா சட்டைப் பையில் கையே விடவில்லை. போகும்போது அப்பா முகத்தைத் தேடித் தேடிப் பார்க்கவும் இல்லை. சாதாரணமாக, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நண்பன் இறந்துவிட்டான் என்று நினைத்து எங்கள் அப்பா ஒரு வயலைத் தவழ்ந்து கடந்தார். கடந்து வந்து, அவனை உயிரோடு பார்த்தார். அந்த ஒரு பார்வையில் கிடைத்த சந்தோஷத்தை வைத்துக்கொண்டுதான் மீதி வாழ்நாள் முழுவதும் வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சித்தப்பா, அன்று அந்த வரப்பில் விழுந்து, எழுந்து, உயிரோடு இருந்தீர்களே, அதற்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.